குருட்டுக்கொக்கின் கண்

எங்கள் லப்பைக்குடிக்காட்டில் பயணம் என்றால் கடல் தாண்டிப் போவது. துபாய், குவைத், கத்தார். ஆண்கள் போவார்கள். பெண்கள் வாசல் வரை வந்து துஆ செய்து அனுப்பிவிட்டு உள்ளே திரும்புவார்கள். 2006 கோடையில் எங்கள் வீட்டிலிருந்து பயணம் போனது நான். போன இடம் திருமானூர்ப் பக்கம் இருக்கும் கரைவெட்டி ஏரி. காலையில் கிளம்பினால் சாயங்காலத்துக்குள் போய்விடலாம். அம்மா அதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. குவைத்துக்குப் போகும் அண்ணனுக்குக் கட்டுவதைப் போலவே எனக்கும் ஓர் அட்டைப்பெட்டி கட்டினாள். கறி ஊறுகாய், இடித்த மிளகாய்த்தூள், முறுக்கு, ஒரு டப்பா பால்பவுடர். அந்தப் பால்பவுடர் அண்ணன் குவைத்திலிருந்து கொண்டுவந்தது. அது கடைசியில் கரைவெட்டிக்குப் போகும் என்று அதைச் செய்தவன் நினைத்திருக்க மாட்டான்.

"ஒங்க அத்தா துபாய்லேருந்து போன்ல கேட்டா என்ன வேலைன்னு சொல்றது?"

"பறவைக்குக் கால்ல வளையம் போடுற வேலைன்னு சொல்லும்மா."

"வளையலா? ஒனக்கே வளையல் அடுக்குற வயசு. நீ போயி கொக்குக்கு அடுக்கப் போறியாக்கும்?"

வளையல் இல்லை, வளையம். அதில் ஒரு எண் இருக்கும். அந்தப் பறவை பிறகு எங்கே பிடிபட்டாலும் இங்கிருந்து போனது என்று தெரியும் என்றேன். அம்மா யோசித்தாள். "ஒங்க அத்தா பாஸ்போர்ட்டு மாதிரி" என்றாள். அதைவிட நன்றாக யாரும் எனக்கு அதை விளக்கியதில்லை.

அத்தா மூன்றாம் வகுப்பு. அம்மா மதரஸாவில் ஓதியதோடு சரி. அண்ணன் எட்டாவதோடு நிறுத்திப் பாஸ்போர்ட் எடுத்தான். நான் விலங்கியலில் எம்.எஸ்ஸி. இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. சொல்லவும் மாட்டேன்.

அரியலூர் தாண்டியதும் பஸ் நின்றது. கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று ரோட்டின் குறுக்கே சாய்ந்து கிடந்தது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். கால் மணி நேரத்தில் பஸ்ஸில் இருந்த எல்லோர் கையிலும் ஒரு கரும்பு இருந்தது. டிராக்டர்க்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். "திங்கிறதுதான் திங்கிறீங்க, ரெண்டு பேரு வந்து தூக்கிவுட்டுட்டுத் தின்னுங்கய்யா" என்றார். அதன் பிறகுதான் ஆண்கள் அசைந்தார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் கரும்பின் பாதியை ஒடித்து என்னிடம் நீட்டினார்.

"எந்தூரும்மா?"

"லப்பைக்குடிக்காடு."

"அங்க எல்லாரும் வெளிநாட்டுலல்ல இருப்பாங்க? நீ என்ன இங்க வர்ற?"

"எனக்கு இதுதான் வெளிநாடு."

அவர் சிரித்ததில் கரும்புச் சாறு புரையேறிவிட்டது. ஆனால் நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அப்போது அரியலூரும் எங்கள் பெரம்பலூரும் ஒரே மாவட்டம்தான். பிரிப்பார்கள், சேர்ப்பார்கள், மறுபடி பிரிப்பார்கள். ஆனால் எங்கள் பக்கத்துக் கோடை வேறு. வெள்ளாற்றில் மணல் மட்டும் இருக்கும். பருத்திக்காட்டில் கால் வைத்தால் சுடும். இங்கே முந்தைய மழைக்காலத்தில் கொள்ளிடம் கரை புரண்டு ஓடியதில், சித்திரையிலும் ஏரியில் தண்ணீர் கிடந்தது. தண்ணீருக்குள் கருவேல மரங்கள். மரத்துக்கு மரம் கூடுகள். முதல் நாள் கரையில் நின்று பார்த்தபோது வந்த நாற்றம் எங்கள் ஊர் மீன் கடைத்தெருவின் நாற்றம். ஊர் நினைப்பு வரவில்லை. பசிதான் வந்தது.

வேலைக்கு நாங்கள் மூன்று பேர். முதலாவது, சார். மும்பையில் வளர்ந்த தமிழர். வயலில் அடிக்கும் பூச்சிமருந்து பறவைகளை என்ன செய்கிறது என்பது அவருடைய ஆராய்ச்சி. வளையம் போடுவதற்கான அனுமதி அவர் பெயரில் இருந்தது. இரண்டாவது, பிச்சை அண்ணன். ஒரு காலத்தில் இதே ஏரியில் கண்ணி வைத்துக் கொக்கு பிடித்து விற்றவர். இப்போது எங்களுக்கு வலை கட்டுகிறார். "அப்ப புடிச்சா அரஸ்ட்டு, இப்ப புடிச்சா சம்பளம். புடிக்கிறது நான்தான்" என்பார். மூன்றாவது நான். தங்கியது ராணி அக்கா வீட்டின் பின்னறையில். அவர் களை எடுக்கப் போகிறவர். எங்களுக்குச் சமைத்துப் போடவும் ஒப்புக்கொண்டிருந்தார்.

முதல் நாளே சார் ஒரு தாளைக் கொடுத்தார். அதில் ஐம்பது வரிசைகள் காலியாக இருந்தன. "ஐம்பது பறவைக்கு நீங்களே வளையம் போடணும். முடிஞ்சதும் கீழே நான் கையெழுத்துப் போடுவேன். அந்தக் கையெழுத்து இருந்தாத்தான் குளிர்கால வேலைக்கு உங்களை எடுத்துக்க முடியும். இல்லைன்னா வேற யாரையாவது பார்க்கணும்" என்றார். அந்தக் கோடையில் எனக்கு வேண்டியிருந்தது அந்தக் கையெழுத்து ஒன்றுதான்.

முதல் வாரம் நோட்டு எழுதினேன். விடிவதற்குள் கரையோரக் கோரைகளுக்கு நடுவே, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நூல் வலையைப் பிச்சை அண்ணன் கட்டிவிடுவார். அரை மணிக்கு ஒருமுறை போய்ப் பார்ப்போம். சிக்கிய பறவையைச் சார் நூல் நூலாக விடுவிப்பார். துணிப்பையில் போட்டுத் தராசில் தொங்கவிடுவார். இறக்கையை அளப்பார், குறட்டால் வளையத்தை மூடுவார், எண்ணைச் சொல்வார். நான் எழுதுவேன். வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. பதறுகிற பறவை அவர் கைக்கு வந்ததும் அடங்கும்.

மூன்றாம் நாள் காலையில் அது நடந்தது. சார் பிச்சை அண்ணனிடம் ஊர் விவரம் கேட்டுக்கொண்டிருந்தார். "இந்த ஏரியில் உங்க வலையில் அதிகமா மாட்டுறது எது?"

"குருட்டுக்கொக்குதாங்க சார்."

சார் பேனாவை நிறுத்தினார். "குருட்டுக் கொக்கா? எத்தனை இருக்கும்?"

"என்னத்த எண்றது? ஏரியில பாதி குருட்டுக்கொக்குதாங்க."

நான் எழுதிக்கொண்டே சிரித்தேன், சார் வேடிக்கைக்குக் கேட்கிறார் என்று. அவர் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. அன்று மத்தியானம் நோட்டின் ஒவ்வொரு தாளிலும் ஸ்கேல் வைத்து ஒரு புதுக் கட்டம் போட்டார். தலைப்பில் 'கண்' என்று எழுதினார்.

மடையான் என்கிற சின்னக் கொக்கைத்தான் எங்கள் பக்கமும் குருட்டுக்கொக்கு என்பார்கள். வரப்பில் ஆடாமல் அசையாமல் கூனிக்கொண்டு நிற்கும். நாம் காலடியில் வந்து நிற்கும் வரை பறக்காது. மண் நிறம் வேறு. அதனால் ஊர் அதற்குக் கண் தெரியாது என்று முடிவு கட்டிவிட்டது. இதைச் சாரிடம் சொன்னேன்.

"சார், அது பேருதான். நோய் இல்லை."

"ஒரு பேருக்குக் காரணம் இருக்கும் இல்லையா? நாலு தலைமுறையா பார்க்கிறவங்க சும்மா பேர் வைப்பாங்களா? பூச்சிமருந்து நரம்பைத்தான் முதலில் தாக்கும். கண் நரம்பு. இதை யாரும் இதுவரைக்கும் எழுதலை."

"மருந்து வர்றதுக்கு முன்னாடியே அந்தப் பேரு இருக்குங்க சார்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமாகக்கூட இல்லை, வருத்தமாகத்தான். "நூர்ஜஹான், படிச்சவங்க செய்யற தப்பு இதுதான். ஊர்க்காரங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைக்கறது."

எனக்கு முகம் கொதித்தது. ஊர்க்காரி நான். என் வீட்டில் படித்தவள் என்று ஒருத்தி உண்டானதே நான் உண்டான பிறகுதான். அவர் எனக்கு ஊரைப் பற்றிச் சொல்கிறார்.

இரண்டாவது வாரம் பறவையை என் கையில் கொடுத்தார். முதலில் ஒரு தூக்கணாங்குருவி. ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே கழுத்து, உள்ளங்கையில் உடம்பு. அது என் விரலைக் கடித்துக்கொண்டே இருந்தது. வளையத்தை மூடி, கையைத் திறந்தேன். போகும்போது ஒரு கடி கூடுதலாகக் கடித்துவிட்டுப் போனது. தாளில் ஒன்று என்று எழுதினேன். மீன்கொத்தி, கானாங்கோழி, முக்குளிப்பான் என்று தாள் நிரம்ப ஆரம்பித்தது. மடையான் வந்தால் மட்டும் எல்லாம் நிற்கும். சார் பேனா டார்ச்சை அடித்துக் கண்ணைப் பார்ப்பார். மஞ்சள் வளையத்துக்கு நடுவே கறுப்புப் புள்ளி சுருங்கும். கோடையில் அதன் முதுகு மருதாணி நிறத்துக்கு மாறியிருக்கும். அதையெல்லாம் அவர் பார்ப்பதில்லை. "எழுதுங்க" என்பார். "என்ன எழுதட்டும் சார்?" என்பேன். இன்னொரு முறை டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு "சரி" என்பார். 'சரி' என்று எழுதுவேன். அந்தக் கட்டம் முழுக்க சரி, சரி, சரி.

இதைப் பிச்சை அண்ணனிடம் விளக்கிச் சொன்னபோது அவர் வலைக்கழியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். "அப்ப செங்கால்நாரைக்கு செங்கல்லுலயா காலு இருக்கு?"

"நீங்கதானே அண்ணே ஆரம்பிச்சு வச்சீங்க? போய்ச் சொல்லுங்க."

போய்ச் சொன்னார். நானும் கூட நின்றேன். "சார், அதுக்குக் கண்ணு தெரியும்ங்க. ஆனா அது குருட்டுக்கொக்குதாங்க." சார் தலையை ஆட்டிக்கொண்டு முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாவது பாதியை எழுதிக்கொண்டார்.

சாப்பாடு மட்டும் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. காலையில் ஏரியிலிருந்து திரும்பினால் நீராகாரமும் மோர்மிளகாயும். மத்தியானம் கெண்டை மீன் குழம்பு, சில நாள் வயல்நண்டு ரசம். எங்கள் வீட்டில் நண்டு வாங்குவதில்லை. அம்மாவிடம் சொல்லாமல் இரண்டு தட்டு சாப்பிட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை கோழிக்குழம்பு வாசம் வந்தது. நான் தட்டை எடுக்காமல் நின்றதைப் பார்த்து ராணி அக்கா கரண்டியை ஓங்கினார். "திருமானூர் வரைக்கும் சைக்கிள்ல போயி பாய்கிட்ட அறுத்தாந்திருக்கேன். போகையில கோழி வழியெல்லாம் கேரியர்ல கத்திக்கிட்டே வந்துச்சு. நீ திங்கலன்னா அந்தக் கோழி என்னைய சும்மா வுடாது." நான் அன்று மட்டும் நாலு பேர் சாப்பாடு சாப்பிட்டிருப்பேன்.

அவரும் வம்புக்காரர்தான். "ஏண்டி நூரு, ஒங்க சாரு நேத்து என்னைய நிறுத்தி, வயல்ல நிக்கிற கொக்கு முட்டிக்கிட்டு வுழுதான்னு கேட்டாரு. நான், இல்லைங்க சார், எங்க வூட்டுக்காரருதான் சாயங்காலமானா அப்படி வருவாருன்னேன். அதையும் எழுதிக்கிட்டாருடி."

முப்பத்தெட்டாவது பறவை எனக்கு ஒரு மடையான். கொக்கு இனத்தைப் பிடிக்க ஒரு விதி உண்டு. அதைச் சார்தான் கற்றுக்கொடுத்தார்: முதலில் அலகைப் பிடி, பிறகு மற்றதெல்லாம். கழுத்தைச் சுருட்டி வைத்திருக்கும். விட்டால் அம்பு மாதிரி வரும். குறி எப்போதும் பிடித்திருப்பவரின் கண்தான். நான் இடது கையால் உடம்பையும் வலது கையால் அலகையும் பிடித்திருந்தேன். சார் டார்ச்சோடு குனிந்தார்.

"உங்க விரல் மறைக்குது. அலகை விடுங்க."

"கொத்தும் சார்."

"நான் தலையைப் பிடிச்சுக்கறேன். விடுங்க."

"சார், நீங்கதானே சொன்னீங்க, அலகை விடக்கூடாதுன்னு?"

"விடுங்க நூர்ஜஹான். இதுக்குப் பார்வை மங்கியிருக்கிற மாதிரிதான் தெரியுது."

விட்டேன். அவர் கை தலைக்குப் போவதற்குள் கழுத்து நீண்டது. 'டக்' என்று ஒரு சத்தம். சாரின் கண்ணாடியில், இடது கண்ணுக்கு நேராக, நட்ட நடுவில் ஒரு விரிசல். கண்ணாடி இல்லாவிட்டால் அவரை அரியலூர் ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும். நான் பறவையை விடவில்லை. அலகை மறுபடி பிடித்துவிட்டேன்.

பிச்சை அண்ணன்தான் முதலில் வாய் திறந்தார். "குருடுன்னாலும் கெட்டிக்காரக் குருடுங்க சார். மூக்குல கூடப் படல."

சார் கண்ணாடியைக் கழற்றி வெயிலில் தூக்கிப் பார்த்தார். உதடு கொஞ்சம் கோணியது. சிரித்துவிடுவார் என்று நினைத்தேன். சிரித்திருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். "தற்செயல்" என்றார். நான் வளையத்தை மூடினேன். 'கண்' கட்டத்தில் அவரைக் கேட்காமலேயே 'சரி' என்று எழுதினேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் அவர் அந்த விரிசலின் மேல் டேப் ஒட்டிக்கொண்டு வேலை செய்தார். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். தண்ணீர் வற்றி, கரையிலிருந்து வலை வரை சேற்றில் நடக்க வேண்டியதாயிற்று. என் சல்வாரை முட்டிக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தேன். கரையில் போகிற டி.வி.எஸ். ஃபிப்டி மொபெட்டுகள் நின்று பார்த்துவிட்டுப் போகும். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஐம்பதாவது பறவை ஒரு தாழைக்கோழி. கிளம்புவதற்கு முதல் நாள்.

அன்று மத்தியானம் ராணி அக்கா வீட்டில் சார் எல்லாத் தாள்களையும் பரப்பினார். என் ஐம்பது வரிசைத் தாள் ஒரு பக்கம். கோடை முழுவதற்குமான சுருக்கம் ஒரு பக்கம். சுருக்கத்தில் அவர் ஆங்கிலத்தில் எழுதியிருந்த ஒரு வரி: 'பார்வை பழுதான மடையான்கள் இந்த ஏரியில் மிகுதி என்பதை ஊர் மக்கள் உறுதிப்படுத்துகின்றனர்.' அதன் கீழே 'பதிவு செய்தவர்' என்று என் பெயர், கையெழுத்துக்கு இடம்.

"நீங்க இதில் போடுங்க, நான் அதில் போடறேன். முடிச்சுடலாம்."

நான் படித்தேன். இரண்டு முறை படித்தேன். "ஊர் மக்கள் அப்படிச் சொல்லலீங்க சார்."

"சொன்னாங்க. நீங்களே அந்த வார்த்தையை எழுதியிருக்கீங்க."

"வார்த்தையைச் சொன்னாங்க. இதைச் சொல்லல. முப்பத்தொரு மடையானைப் பிடிச்சோம். முப்பத்தொண்ணுக்கும் 'சரி'ன்னு எழுதியிருக்கேன். நீங்க சொல்லித்தான் எழுதினேன்."

"பிடிபட்டது நல்ல பறவை. பிடிபடாததைப் பத்தித்தான் இந்த வரி. குழுவா வேலை செய்யறதும் பயிற்சியில் ஒரு பகுதி, நூர்ஜஹான். அது உங்களுக்கு இன்னும் வரலை."

என் தாளை நான் பார்த்தேன். ஐம்பது வரிசை. ஒவ்வொன்றும் என் விரலைக் கடித்தது, கீறியது, என் சட்டையில் எச்சமிட்டது. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வாத்துகளும் உள்ளான்களும் வரும்போது இதே கரையில் நிற்கலாம் என்று அந்தத் தாளை வைத்துத்தான் நினைத்திருந்தேன். ஒரு கையெழுத்துக்கு ஒரு கையெழுத்து. யாருக்கும் நஷ்டமில்லை. கொக்கு வந்து கேட்கப் போவதில்லை. ஆனால் பிச்சை அண்ணன் சொல்லாததையும் ராணி அக்கா சொல்லாததையும், அவர்கள் படித்துப் பார்க்க முடியாத ஒரு மொழியில், அவர்கள் சொன்னதாக அச்சிடுவார்கள். அதன் அடியில் என் பெயர் இருக்கும். அதிகம் படிக்காத எங்கள் வீட்டுக்கு வந்த தாள்களில் எத்தனை பேர் இப்படி எங்கள் சார்பில் எழுதியிருப்பார்கள் என்று தோன்றியது. பேனாவை மூடி வைத்தேன்.

"இதில் நான் போட மாட்டேன் சார்."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுட்டேன்."

மறுநாள் கடைசிக் காலை. வலையில் பறவைகள் நிறைய விழுந்தன. சார் குனிந்த தலை நிமிராமல் பறவைகளை விடுவித்து எண்களைச் சொன்னார். நான் மசிப் பேனாவில் எழுதிக்கொண்டே வந்தேன். அன்றைய பன்னிரண்டாவது பறவைக்கும் பதின்மூன்றாவது பறவைக்கும் நடுவே அவர் வலைக்குப் போய்த் திரும்பும் நேரம் கிடைத்தது. அடுத்த வரியில், கட்டங்களைப் பொருட்படுத்தாமல், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை எழுதினேன்: 'குருட்டுக்கொக்கு என்பது மடையானுக்கு இந்தப் பக்கத்தில் வழங்கும் பெயர். கண் நோயைக் குறிப்பதில்லை. இந்தக் கோடையில் பிடித்துப் பார்த்த மடையான்கள் அனைத்துக்கும் பார்வை உண்டு.' கீழே கையெழுத்துப் போட்டேன். பதின்மூன்றாவது பறவை வந்தது. அதன் எண்ணை அதற்குக் கீழே எழுதினேன்.

வலைகளைச் சுருட்டி முடித்த பிறகு சார் நோட்டைப் புரட்டினார். அந்தப் பக்கத்தில் விரல் நின்றது.

"இது எப்ப எழுதினது?"

"நேரம் பக்கத்துலயே இருக்குங்க சார். மேல ஏழு பத்து, கீழ ஏழு இருபத்தஞ்சு."

தாளின் ஓரத்தை விரலால் பிடித்துப் பார்த்தார். திருப்பினார். பின்பக்கத்திலும் பறவைகள். வளையத்தின் எண்கள் வரிசையாக வருகிறவை. ஒவ்வொரு எண்ணும் எந்தப் பறவையின் காலில் போனது என்று அவர் மேலிடத்துக்குச் சொல்லியாக வேண்டும். ஒரு தாளைக் கிழித்தால் இருபத்தாறு பறவைகள் போய்விடும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வலைக்கழிகளைக் கட்டிக்கொண்டிருந்த பிச்சை அண்ணன் கட்டுவதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சார் நோட்டை மூடினார். "உங்க தாளில் நான் கையெழுத்துப் போட முடியாது."

"சரிங்க சார்."

"ஐம்பது பறவையும் வீண்."

"பறவை ஒண்ணும் வீணாப் போகலீங்க சார். கால்ல நம்பரோட பறந்துக்கிட்டுதான் இருக்கும்."

அவர் நோட்டைப் பைக்குள் வைத்தார். ஜீப்பில் இடம் இருக்கிறது, அரியலூர் வரை வரலாம் என்று மட்டும் சொன்னார். பஸ்ஸில் போகிறேன் என்றேன்.

அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஐம்பது வரிசையும் நிரம்பி, கீழே வெறுமையாக. அந்தக் குளிர்கால வேலைக்கு என்னைக் கூப்பிடவில்லை. அடுத்த கோடையில் வேறொரு ஏரியில், வேறொருவரிடம் புதுத் தாள் வாங்கி, ஒன்றிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். கரைவெட்டி நோட்டு சாரின் அலமாரியில் எங்கோ இருக்கும். அதில் பன்னிரண்டாவது பறவைக்கும் பதின்மூன்றாவது பறவைக்கும் நடுவில் என் கையெழுத்து இருக்கிறது.